கேஎல் சென்ட்ரல்: கேட்டுக்கு இந்தப் பக்கம்

மெல்பர்னிலிருந்து ஊருக்கு வந்தால் எப்போதும் தங்கச்சி வீட்டுக் கார்தான், ரயில் பக்கம் போக வேலையே இருக்காது. இந்தத் தடவை கார் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. தங்கச்சி இருக்கும் ரவாங்கிலிருந்து எங்கே போனாலும் கோமுட்டர் என்கிற புறநகர் ரயில், எதற்கு மாறினாலும் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் என்று ஆகிவிட்டது.

2001-இல் திறந்த நிலையம். கோமுட்டர், நகருக்குள் ஓடும் எல்ஆர்டி, தூர ஊர்களுக்குப் போகும் இடிஎஸ் மின்ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. மோனோரயிலுக்கு மட்டும் என்யூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும், அதற்குள் பர்ஸ் கொஞ்சம் இளைத்துவிடும், கடைகளை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்!

சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் கீழே கோமுட்டர் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். நடுப்பெட்டிகள் பெண்களுக்கு, 2010-இலிருந்து அப்படித்தான், இளஞ்சிவப்பில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பத்துமலைக்குப் போகும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் குடும்பத்தோடு அதில்தான் ஏறுகிறார்கள். ஆபீஸ் பேட்ஜைக்கூடக் கழற்றாத நம்ம அக்கா ஒருவர் அப்படி ஏறிய ஒரு மனுஷனைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்லை. அந்த மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார், மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது மேலே, இடிஎஸ் கேட் பக்கம். வடக்கே ஈப்போ, பட்டர்வொர்த், பாடாங் பெசார் போகிறவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். டிக்கெட் இருந்தால்தான் உள்ளே, வழியனுப்ப வந்தவர்கள் கேட்டோடு சரி. சின்ன வயசில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும் வரை அத்தையிடம் பேசிக்கொண்டே நின்றது ஞாபகம் வந்தது. இப்போது அந்தப் பேச்சு முழுக்க கேட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்தாக வேண்டும், பின்னால் வரிசை வேறு நெருக்குகிறது.

சுங்கை பட்டாணி போகிற ஒரு பாட்டி, கையில் முறுக்கு டின். மகன் தன் கைபேசியில் டிக்கெட் எடுத்திருக்கிறார், பாட்டியிடம் கைபேசி இல்லை. "உன் போனைக் குடுத்துட்டு நீ என்னடா பண்ணுவ?" என்று அவர் கேட்க, மகன் தாளில் அச்செடுத்து வைத்திருந்ததை நீட்டினார். மடித்த மடிப்பில் டிக்கெட்டின் கியூஆர் குறியீடு கசங்கி, இயந்திரம் படிக்கவில்லை. கேட்டில் நின்ற மலாய்த் தம்பி அதை வாங்கித் தன் சட்டையிலேயே நீவிவிட்டு மறுபடி காட்டினார், திறந்துகொண்டது. பிறகு "ஆன்ட்டி, மாரி" (வாங்க) என்று டின்னை வாங்கிக்கொண்டு நகரும் படிக்கட்டு வரை கூடவே போனார். என்னைக் கேட்டால் அந்த நிலையத்தில் கிடைத்த நல்ல சேவை அதுதான், அதற்கு எந்தக் கட்டணப் பலகையிலும் விலை போடவில்லை.

முன்கூட்டியே பணம் போட்டு வைத்து கேட்டில் தட்டும் டச் அண்ட் கோ கார்டு ஒன்றை வந்ததுமே வாங்கிவிடுங்கள். கோமுட்டர், எல்ஆர்டி, மோனோரயில் எல்லாவற்றுக்கும் அதே போதும், ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். இடிஎஸ் அப்படியில்லை, இருக்கை எண் போட்ட டிக்கெட், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள், கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் பஸ்தான்.

சாப்பாட்டை மட்டும் நிலையத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கடையில் ஆறிப்போன கறிபாப்புக்கும் (கறி பஃப்) தே தாரேக்குக்கும் (ஆற்றிய பால் டீ) கேட்ட வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, சொன்னால் தங்கச்சி இன்னமும் திட்டுகிறாள். கொஞ்சம் நடந்தால் பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே வேலைக்கு வந்த நம்ம ஆட்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்த இடம். வாழை இலைச் சாப்பாடு, ஓரமாக வடைக் கடை, எல்லாம் உண்டு. பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், நடைபாதை முழுக்க மேடு பள்ளம், சக்கரம் போய்விடும்.