கேழ்வரகு பிஸ்கட், சீனிக்கிழங்கு, ஒரு பாழாய்ப்போன மணி

போன வாரம் ஓவனின் கீழ்க்கம்பி போய்விட்டது. மேலே சிவக்கிறது, கீழே சில்லென்று கிடக்கிறது. மெக்கானிக் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஐந்து மாதக் குழந்தையை வைத்திருக்கும் தோழி ஒருத்தி விளம்பரப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். "ஆயிரத்தைந்நூறு ரூபாய் குறைத்திருக்கிறார்கள். பாப்பாவுக்குச் சீனி போடாமல் பிஸ்கட் செய்ய வாங்கலாமா?" படத்தில் இருந்தது என் ஓவனேதான். மூன்று வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

28 லிட்டர், மேலும் கீழும் கம்பி, முன்னால் மூன்று திருகு என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதில் அச்சடிக்காத ஒன்று அந்த மணி.

டைமர் என்பது உள்ளே சுருள்வில் வைத்த திருகு. சாவி கொடுத்த பொம்மை மாதிரி கர்ரென்று ஓடும். பூஜ்யத்துக்கு வந்ததும் "ணங்". பள்ளிக்கூடத்தில் கடைசிப் பீரியடுக்கு அடிப்பதைப் போன்ற ஒரு "ணங்". எங்கள் வீட்டில் அடுக்களைக்கும் தொட்டில் கட்டிய அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். பையன் தூங்கும்போதுதான் எனக்கு அடுக்களைக்குள் போகவே முடியும். ஆக, அவன் தூங்கிய பிறகு மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, உள்ளே வைத்து, 25 நிமிடத்துக்குத் திருகினால், 26ஆம் நிமிடம் வீடு முழுக்க அழுகை.

தப்பிக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். முன்கூட்டியே திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். அப்போதும் ணங். சுவரில் சுவிட்சை அணைத்தேன். கம்பி அணைந்தது, டைமர் தன்பாட்டுக்கு ஓடி, ணங். அது மின்சாரத்தில் ஓடுவதில்லையே, வில்லில் அல்லவா ஓடுகிறது! ஒரு மதியம் கரண்ட் போய், மாவு அரைவேக்காடாக உள்ளே கிடக்க, மணி மட்டும் நேரம் தவறாமல் அடித்தது. சில மாடல்களில் டைமரை ஓட்டாமலேயே கம்பியை எரியவிடும் வசதி உண்டு. என்னுடையதில் இல்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது திருகை மறுபடி 60க்கு ஏற்றிவிட்டு, சுவரில் அணைத்துவிடுவது. மணி ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். கந்துவட்டிக்காரனிடம் தவணை கேட்பதைப் போலத்தான். அசல் அப்படியே நிற்கும். சாயங்காலம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒன்றுமே வேகாத ஓவன் ணங்கென்று அடிக்கும். வந்த விருந்தாளி என்னைப் பார்ப்பார். நான் டீயைப் பார்ப்பேன்.

திட்டி முடித்தாயிற்று. நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

இதை வாங்கியது பையனுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தாய்ப்பாலோடு திட உணவு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. எங்கள் டாக்டரும் அதையே சொல்லி, கூடவே ஒரு வயது வரை உப்பு வேண்டாம், தேன் கூடவே கூடாது, இரண்டு வயது வரை சீனியின் பக்கமே போகாதீர்கள் என்றார். கடையில் குழந்தை பிஸ்கட் என்று விற்கும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படித்தேன். நான் எடுத்துப் பார்த்த எல்லாவற்றிலும் கோதுமை மாவுக்கு அடுத்த இடத்தில் சீனி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வந்த கோபத்தில் வாங்கியதுதான் இந்த ஓவன்.

அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "சீனி வேண்டாமென்றால் கருப்பட்டி போடு மக்களே. நீயெல்லாம் கருப்பட்டி தின்று வளர்ந்தவள்தானே?" கருப்பட்டியில் சுவையும் மணமும் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதனீரைக் காய்ச்சி இறக்கினாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறக்கினாலும் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே சுக்ரோஸ், அதாவது சீனியில் இருப்பதேதான். முளைக்கப்போகும் பல்லுக்குப் பனையும் கரும்பும் தெரியாது. தேன் விஷயத்தில் அம்மாவோடு பெரிய சண்டையே வந்தது. "பிஸ்கட்டில் போட்டுச் சுட்டுவிட்டால் கிருமி செத்துப் போகாதா?" போகாது. போட்யூலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். அவற்றைக் கொல்லப் பிரஷர் வைத்து 121 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். ஓவன் 180 காட்டினாலும், ஈரம் இருக்கும் வரை பிஸ்கட்டின் நடுப்பகுதி 100ஐப் பெரிதாகத் தாண்டாது. அம்மா நம்பவில்லை. ஆனால் தேன் பாட்டிலை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

முதல் பிஸ்கட் கேழ்வரகில். முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு கப், மட்டிப்பழம் மூன்று, நெய் ஒரு ஸ்பூன். நாகர்கோவில்காரர்களுக்கு மட்டிப்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: விரல் நீளமே இருக்கும், தோல் மெல்லிசு, மணம் தூக்கலாக இருக்கும். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுக்கும் பழம் இதுதான். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வடசேரிச் சந்தையில் நல்ல பழுத்த சீப்பாகப் பார்த்து எடுத்து வந்து பிசைந்தேன். வெளியே வந்தது பிஸ்கட் இல்லை, ஓட்டுச்சில்லு. மேசையில் தட்டினால் சத்தம் கேட்டது.

சீனி என்பது இனிப்புக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். பிஸ்கட்டில் அது செய்யும் வேலை வேறு. ஈரத்தைப் பிடித்துவைப்பது அது, மாவை இறுகவிடாமல் மென்மையாக்குவது அது, பொன்னிறம் கொடுப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைப்பது, அச்சாணியைக் கழற்றிவிட்டு வண்டி ஓடும் என்று நினைப்பதுதான். மொறுமொறுப்பு வேண்டும் என்ற ஆசையை நான்காவது முறை விட்டுவிட்டேன். விட்டதும் நல்லதாயிற்று. பல் முளைக்காத வாய்க்கு மொறுமொறுப்பு எதற்கு? கடினமான துண்டு உடைந்து தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால் நசுங்க வேண்டும். அதுதான் சோதனை. வடிவமும் வட்டமாக இருக்கக் கூடாது. ஏழு மாதக் குழந்தை உள்ளங்கை முழுவதையும் மூடித்தான் எதையும் பிடிக்கும். கைக்குள் பாதி, கைக்கு வெளியே பாதி என்று விரல் நீளத்துக்கு இருந்தால்தான் வாய்க்குப் போய்ச் சேரும். பொறுக்கி எடுக்கும் சாமர்த்தியம் ஒன்பது மாதத்தை ஒட்டித்தான் வருகிறது. பேக்கிங் பவுடரையும் விட்டேன், உப்பில் இருக்கும் சோடியம் அதிலும் உண்டு.

இந்த நான்கு முறையில் இரண்டு முறை தவறு என்னுடையது. மற்ற இரண்டும் ஓவனின் பொய். திருகை 180இல் வைத்தால் உள்ளே 205. இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது. கம்பி எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துதான் சூட்டைக் காக்கிறது. சின்னப் பெட்டிக்குள் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகவே இருக்கும், அது புரிகிறது. ஆனால் 25 டிகிரி என்பது ஏற்ற இறக்கமா? இப்போது எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் 25ஐக் கழித்துவிட்டுத்தான் வைக்கிறேன். பழகிவிட்டது. பொய் சொல்லும் ஆள் எப்போதும் ஒரே பொய்யைச் சொன்னால் அவனோடு காலம் தள்ளலாம்.

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் கம்பியை மாற்றினேன், பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாமே என்றால், சீனிக்கிழங்குக்காக.

வெளியூரில் சர்க்கரைவள்ளி என்பார்கள். முதலில் எல்லோரையும் போலக் குக்கரில்தான் வேகவைத்தேன். மூன்று விசில், தண்ணீர் கோத்த கிழங்கு, சவசவவென்று. பையன் நாக்காலேயே வெளியே தள்ளினான். ஒருநாள் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்ததால், தோலோடு இரண்டு கிழங்கை முள்கரண்டியால் குத்தி வைத்தேன். பிஸ்கட்டை எடுத்துவிட்டேன், கிழங்கை மறந்துவிட்டேன். திரும்பவும் 60க்கு ஏற்றிவிட்டுச் சுவரில் அணைக்க மறந்தது அன்றைக்குத்தான். திறந்தபோது தோல் தளர்ந்து, குத்திய ஓட்டை ஒவ்வொன்றிலும் பாகு கசிந்து, தட்டில் சொட்டிக் கறுத்திருந்தது. ஒரு பொட்டுச் சீனி இல்லை. வாயில் வைத்தால் அல்வா.

பிறகுதான் காரணம் படித்துத் தெரிந்துகொண்டேன். கிழங்குக்குள்ளேயே மாவுச்சத்தை மால்டோஸ் என்ற இனிப்பாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரைதான் அதற்கு வேலை நேரம். குக்கரில் சூடு அந்த இடத்தைச் சில நிமிடங்களில் தாண்டி ஓடிவிடுகிறது. ஓவனில் முழுக்கிழங்கு உள்ளே மெல்ல மெல்லச் சூடேறும்போது நொதிக்கு அரை மணி நேரம் கிடைத்துவிடுகிறது. மால்டோஸும் சர்க்கரைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கொட்டியதில்லை, கிழங்கு தன் நாரோடு தானே செய்துகொண்டது. மசித்துத் தாய்ப்பால் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாவது வாய்க்குக் கரண்டியைப் பிடித்து இழுத்தான். கேழ்வரகில் இதையே பிசைந்து சுட்டபோது பிஸ்கட்டும் மெத்தென்று வந்தது. பழம் செய்யாததைக் கிழங்கு செய்தது.

"ஒரு கிழங்குக்கு ஒரு யூனிட் கரண்டா?" என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால் ஒரே தடவையில் ஆறு கிழங்கு வைத்துவிடுகிறேன். வைத்துக்கொள்வதில்தான் தொல்லை. சீனி போட்ட பிஸ்கட் டப்பாவில் பதினைந்து நாள் கிடக்கும். இது மறுநாள் மாலையே நமத்துப் பிசுபிசுக்கும், மூன்றாம் நாள் பூசணம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். வருடத்தில் பாதி நாள் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். சுட்ட அன்றைக்குத் தின்றது போக மீதி ஃப்ரீஸருக்குத்தான்.

ஆகத் தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, தூக்கத்தைவிட விலை உயர்ந்த பொருள் எதுவும் உன் வீட்டில் இல்லை. இட்லிப் பானை போதும். ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரம்பழத்தை, அதில் அவித்துக் கொடு, ணங் கிடையாது. சூடு குறையாத ஓவன், ஒன்றேமுக்கால் வருடத்தில் ஒரே ஒரு ரிப்பேர், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, எல்லாம் உண்மை. இருந்தாலும் வாங்காதே. இதை எழுதும்போது எனக்குத் தூக்கம் போதவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

மெக்கானிக் கம்பியை மாற்றி முடித்ததும், மணியை என்னவாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். இத்தனை வருடத்தில் மணி அடிக்கவில்லை என்று கூப்பிட்டவர்கள் உண்டு, அடிக்கிறது என்று கூப்பிட்டவர் நீங்கள்தான் என்றார். டைமருக்குப் பின்னால் ஒரு சின்னக் கிண்ணமும் அதைத் தட்டும் இரும்பு நாக்கும் இருக்கின்றன. குறடால் அந்த நாக்கைக் கொஞ்சம் வளைத்துவிட்டார். திருகிக் காட்டினார். "டக்". அவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிடாத குறை.

நேற்று மதியம் பையன் தூங்கியதும் நான்கு கிழங்கு வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் "டக்". என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பினால், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அது மணியால் இல்லை மக்களே, மணத்தால்" என்கிறார் அம்மா. "எப்போதுமே அப்படித்தான்." நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.