மினி தர்ட்டிக்கு ‘மேட்ச்’ தோட்டா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

டெக்சாஸில் ருகர் கம்பெனியின் மினி தர்ட்டி, அல்லது 7.62×39 அளவுத் தோட்டா போடும் வேறு ஏதாவது ரைபிள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது. துப்பாக்கிக் கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ‘மேட்ச் கிரேடு ரீலோட்’ (சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்த, போட்டித் தரச் சரக்கு) என்று விற்கும் தோட்டாக்களை, முனையில் இருக்கும் குண்டின் விட்டம் பார்க்காமல் நம்பாதீர்கள். எனக்கு விற்ற டப்பாவின் மேல் .311 (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்) என்று மார்க்கரில் எழுதியிருந்தது. உள்ளே இருந்தது .308.

மச்சான் நிலத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. இரவோடு இரவாக ஒரு வயலையே உழுது போட்டுவிடும். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, வேட்டை உரிமம் இல்லாமலே அவற்றைச் சுடலாம். அதற்குத்தான் இந்த ரைபிள். முன்பெல்லாம் ரஷ்ய இரும்பு உறைத் தோட்டாவே போதும், விலையும் மலிவு. 2021-இல் அமெரிக்க அரசு ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை நிறுத்தியதும் விலை ஏறிவிட்டது. ரீலோட் வியாபாரிகளுக்கு நல்ல காலம் பிறந்தது அப்போதுதான்.

என் ரைபிள் 100 கஜத்தில் அந்தப் பழைய ரஷ்யச் சரக்கோடு சுமார் 3 அங்குல வட்டத்துக்குள் சுடும். பன்றிக்கு அது தாராளம். கடைக்காரரின் ‘மேட்ச்’ தோட்டா, ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை, 8 அங்குலத்துக்கும் மேல் சிதறியது. திரும்பப் போய்ச் சொன்னால், ‘மினி என்றாலே அப்படித்தான்’ என்று சிரித்தார்.

இந்த இடத்தில்தான் ஆளின் சாமர்த்தியம். மினிக்கு அந்தக் கெட்ட பெயர் உண்மையிலேயே உண்டு. இந்த வரிசையில் முதலில், 1973-இல் வந்த மினி-14-இன் பேரல் (குழல்) ஒல்லி. நாலு தோட்டா சுட்டதும் சூடேறி, குறி நகர ஆரம்பிக்கும். வெடித்த வாயுவைத் திருப்பி ரைபிளை இயக்கும் பாகமான கேஸ் பிளாக்கை இறுக்கும் நாலு திருகுகளும் ஒரே சீராக இல்லாவிட்டால் பேரல் ஒரு பக்கம் இழுபடும். பிற்பாடு கம்பெனியே பேரலைத் தடிமனாக்கியது. ஊரறிந்த இந்தக் குறையைச் சாக்காக வைத்து, பேரல் ஆடாமல் இருக்க அதோடு சேர்த்து மாட்டும் ஸ்ட்ரட் என்ற தாங்குகம்பி ஒன்றையும் கேஸ் பிளாக் வேலையையும் என் தலையில் கட்டினார். பில் 200 டாலரைத் தாண்டியது. சிதறல் அப்படியே இருந்தது. அதே ரைபிளில் மிச்சமிருந்த ரஷ்யத் தோட்டாவைப் போட்டால் பழையபடி 3 அங்குலம்! குறை ரைபிளில் இருந்தால் இது எப்படி நடக்கும்?

ரீலோட் செய்யும் நண்பர் ஒருவர் புல்லர் சுத்தியலால் தட்டிக் குண்டைத் தனியே கழற்றி மைக்ரோமீட்டரில் அளந்தார். 7.82 மில்லிமீட்டர், அதாவது .308. அந்த டப்பாவில் எதை எடுத்தாலும் அதே அளவு. ரஷ்யக் குண்டு 7.89. பேரலுக்குள் மென்மையான ஈயத் துண்டைத் தட்டி இறக்கி அளந்ததில், குண்டைச் சுழல வைக்கும் சுருள் பள்ளத்தின் விட்டம் 7.90, அதாவது .311.

‘ஒரு தலைமுடி கனம்கூட வித்தியாசம் இல்லையே’ என்றார் கடைக்காரர். சரி, கணக்குப் போடுவோம். பேரலுக்குள் சுழலும் பள்ளத்தின் ஆழமே ஒரு பக்கத்துக்கு 5 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். குண்டின் விட்டம் 3 தௌ குறைந்தால் பக்கத்துக்கு ஒன்றரை தௌ இடைவெளி. பள்ளத்தின் பிடிப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போச்சு. வெடித்த வாயு அந்தச் சந்து வழியே குண்டை முந்திக்கொண்டு ஓடும். குண்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாய்வில் வெளியேறும். ஒரு சைஸ் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற கதைதான்.

அடுத்து அவர் எடுத்துவிட்டது இன்னும் அழகான பாதி உண்மை: ‘மினி தர்ட்டி பேரல் .308-தான்.’ 1987-இல் வந்த ஆரம்பகாலத் துப்பாக்கிகளுக்கு அது சரி. அமெரிக்காவில் எங்கும் கிடைப்பது .308 குண்டு என்பதால் பேரலையும் அந்த அளவில் செய்தார்கள். ரஷ்யக் குண்டும் சமாளித்துப் போகும்படி, குண்டு பேரலுக்குள் நுழையும் தொண்டைப் பகுதியை நீட்டி விட்டார்கள். பின்னால் பேரலே .311 அளவுக்கு மாறிவிட்டது. என்னுடையது பின்னால் வந்தது. அவர் கண் முன்னால் அளந்த எண்ணைக் காட்டியும் அதே பல்லவிதான். .308 சரி என்றால் டப்பாவில் ஏன் .311 என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். பையன் எழுதியிருப்பான் என்றார்.

.308 குண்டு ஏராளமாகக் கிடைக்கிறது. அதை 7.62×39 உறையில் திணித்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே வாங்கும் முன் ஒரு தோட்டாவைக் கழற்றி அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். விற்பனைக்குத் தோட்டா தயாரிக்க மத்திய அரசின் டைப் 06 அல்லது டைப் 07 போன்ற உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். அது யாருடையது என்றும் கேளுங்கள். ரீலோட் தோட்டாவால் சேதமானால் நாங்கள் பொறுப்பில்லை என்று ருகர் கையேடே சொல்கிறது என்பதையும் மறக்காதீர்கள். கடையில் வாங்கும் புதுத் தோட்டா என்றால் 123 கிரெய்ன் எடையுள்ள .310 குண்டு போட்டதைப் பாருங்கள். அதில் என் ரைபிள் 3 அங்குலத்துக்கும் உள்ளேயே சுடுகிறது.

பிரிக்காத டப்பாக்களுக்குக் கடையில் கிரெடிட் தருகிறேன் என்றார், பணமாகத் தர முடியாதாம். டப்பா எழுத்தையும் மைக்ரோமீட்டரையும் படமெடுத்து கார்டு கம்பெனிக்கு அனுப்பினேன். தோட்டாப் பணம் திரும்பி வந்தது. ரைபிள் வேலைக்கான பணம் வரவில்லை, ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த ஸ்ட்ரட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன். மினி வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமானால் தபால் செலவை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.