பூண்டு எண்ணெய் இறாலுக்காகவே போகலாம்

முட்டம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் ஸ்பெயின் நாட்டுத் தாப்பாஸ் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். கப்பலில் வேலை பார்க்கிறவர், ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் இதைச் சாப்பிட்டவர். அம்மாவும் வந்தார். குளச்சலில் மீன் விற்றே எங்களை வளர்த்தவர்.

தாப்பா என்றால் மூடி என்று பொருள். சின்னச் சின்னத் தட்டுகளாக வாங்கி நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவது.

முதலில் காம்பாஸ் அல் அஹீயோ, அதுதான் பூண்டு எண்ணெய் இறால். சின்ன மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க வந்தது. மெல்லிசாகச் சீவிய பூண்டு, வத்தல் மிளகாய், இறால், அவ்வளவுதான். பூண்டு கருகினால் எண்ணெய் முழுக்கக் கசந்துவிடும். இங்கே பொன்னிறத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "இது பழைய இறால் இல்ல மக்ளே" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம். மிச்ச எண்ணெயைத் தொட்டுச் சாப்பிட இன்னொரு தட்டு ரொட்டி வாங்கினோம். 420 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம்.

தோர்த்தீயா, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தடித்த அடை. வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று ஸ்பெயினில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறதாம். இங்கே சேர்த்திருந்தார்கள், எனக்குப் பிடித்தது.

பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்தான் வருத்தம். ரப்பர் போல இழுத்தது. மேலே தூவ வேண்டியது கருவாலி (ஓக்) விறகுப் புகையில் உலர்த்திய மிளகாய்ப் பொடி. இதில் புகை வாசமே இல்லை என்றார் அண்ணன். கேட்டால், கணவாயே வெளியூரிலிருந்து வரும் ஐஸ் பாக்கெட்டாம். குளச்சலும் முட்டமும் இவ்வளவு பக்கத்தில் இருக்க, இது நியாயமா? அம்மா அந்தத் தட்டை அப்புறம் தொடவில்லை.

இன்னொன்று, எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கடைசித் தட்டுக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. இரண்டிரண்டாகச் சொல்லி வாங்குங்கள்.

ஸ்பெயின்காரர்கள் நெத்தோலியை வினிகரில் ஊறவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார்கள். நம் கரையில் குவியும் மீன், இந்த ஓட்டல் பட்டியலில் இல்லை. "யாரும் கேட்கலக்கா" என்றார் பரிமாறிய தம்பி. போகிறவர்கள் கேளுங்கள்.