சத்தம் நன்று, டிரைவர் பாடுதான் பெரும்பாடு: பழைய எச்81 போர்டுடன் நீண்டகால அனுபவம்

வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க் அண்மையில் பழுதாகிவிட்டதால், எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. திரை, நெட்வொர்க், யூஎஸ்பி எல்லாம் நான் தொடாமலேயே தாமாக வந்து சேர்ந்தன. ஒலி மட்டும், இந்த மதர்போர்டை வாங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு மறுநிறுவலின்போதும் செய்வதைப் போலவே, தனி உபசாரம் கேட்டு நின்றது. இன்டெல்லின் எச்81 சிப்செட்டும் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்), ரியல்டெக்கின் ஏஎல்சி887 ஒலிச் சிப்பும் கொண்ட போர்டு இது. இதன் வேகம், நினைவகம், பிராசசர் பொருத்தம் ஆகியவற்றைப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்பதால், நான் ஒலியைப் பற்றியும் அந்த ஒலியை வரவழைக்கும் மென்பொருளான டிரைவரைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; அந்த வரிசையில் வந்த வேறு பல போர்டுகளை வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

ஒலியின் தரத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. பின்பக்கப் பச்சை ஜாக்கில் சாதாரணமான ஹெட்ஃபோனைச் செருகினாலே மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடியும் வலந்தலையில் விழும் அடியும் பிரிந்து கேட்கின்றன. பாட்டு நின்ற பிறகு இரைச்சல் எதுவும் எஞ்சுவதில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் சிப் என்னைக் கைவிட்டதில்லை. கணினி ஊமையானபோதெல்லாம் சிப் நலமாகவே இருந்தது, அதைப் பேச வைக்க வேண்டிய மென்பொருள்தான் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2004இல் இன்டெல் வெளியிட்ட எச்டி ஆடியோ தரம் ஒலி வேலையை இரண்டு கூறுகளாகப் பிரித்தது. தரவைக் கொண்டுவந்து கொடுக்கும் கன்ட்ரோலர் சிப்செட்டுக்குள் இருக்கிறது. அதைக் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றும் கோடெக், போர்டின் ஓரத்தில் தனிச் சிப்பாக உட்கார்ந்திருக்கிறது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும் இவை இரண்டு வெவ்வேறு இடங்களில் தோன்றும்: கன்ட்ரோலர் 'சிஸ்டம் டிவைசஸ்' பகுதியிலும், கோடெக் 'சவுண்டு, வீடியோ அண்டு கேம் கன்ட்ரோலர்ஸ்' பகுதியிலும் இருக்கும். கன்ட்ரோலரே வராதபோது, அல்லது அதன்மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கும்போது, கோடெக்கின் டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. நிறுவும் செயலி பாதி வழியில் 'தோல்வி' என்று சொல்லி நின்றுவிடும். அந்த நிலையில் செய்ய வேண்டியது வேறு டிரைவரைத் தேடுவதல்ல. பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் போர்டின் அமைப்புப் பகுதி) சென்று எச்டி ஆடியோ (சில போர்டுகளில் 'அசேலியா' என்றிருக்கும்) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், சிப்செட் டிரைவரைச் சரியாக நிறுவுவதும்தான்.

இந்தத் தலைமுறைப் போர்டுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்கு ஒலி அனுப்புவதற்குப் பிராசசருக்குள்ளேயே தனியாக ஓர் ஒலிக் கன்ட்ரோலர் இருப்பதால், பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு வரிகள் தெரியும். கிராஃபிக்ஸ் டிரைவரை நிறுவியதும் மானிட்டர் இயல்பு ஒலிச் சாதனமாகிவிட, ஸ்பீக்கர் இல்லாத அந்த மானிட்டருக்குப் பாட்டெல்லாம் போய்க்கொண்டிருக்க, பயனர் சவுண்டு டிரைவரை அழித்து அழித்து நிறுவிக்கொண்டிருப்பார். எது எது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கோடெக்கின் ப்ராபர்ட்டீஸிலும் 'ஹார்டுவேர் ஐடீஸ்' வரியைப் பார்த்தால் போதும். தயாரிப்பாளர் குறியீடு 10ஈசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல், 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. அதற்கும் முன்பாக, டாஸ்க்பாரிலுள்ள ஒலிச் சின்னத்தைச் சொடுக்கி, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் ஒலிக்கான தொகுப்பு விண்டோஸ் 8.1 வரை மட்டுமே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தத் தொகுப்பு முதலில் இருக்கிற டிரைவரை நீக்குகிறது, கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்கிறது, அடுத்த தொடக்கத்தில்தான் தன் டிரைவரை நிறுவுகிறது. அந்த இடைவெளியில் விண்டோஸ் தன்னிடமுள்ள வேறொரு பதிப்பைப் பொருத்திவிட்டால், டிரைவர் ஒரு பதிப்பும் அதை இயக்கும் கன்ட்ரோல் பேனல் இன்னொரு பதிப்புமாக, பாதி வீடு பழசும் பாதி வீடு புதுசுமாகக் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. ஒலி வரும், ஆனால் பேனல் திறக்காது. அல்லது பேனல் திறக்கும், ஜாக்குகள் தெரியாது.

இதைச் சுத்தமாகச் சரிசெய்ய, பழைய பதிப்புகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதை அறிய வேண்டும். டிவைஸ் மேனேஜரில் 'அன்இன்ஸ்டால்' கொடுத்தால் சாதனம் பட்டியலிலிருந்து போகுமே தவிர, டிரைவர் கோப்புகள் 'டிரைவர் ஸ்டோர்' என்னும் கிடங்கில் அப்படியே இருக்கும். கணினி மறுபடி தொடங்கியதும் அதே டிரைவர் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீக்கும்போது தோன்றும் பெட்டியில், இச்சாதனத்தின் டிரைவர் மென்பொருளையும் அழிக்கவும் என்னும் கட்டத்தில் டிக் வைக்க வேண்டும். பல பதிப்புகள் சேர்ந்திருந்தால் ஒன்றை நீக்கியதும் அடுத்த பழையது மேலே வரும், ஆகவே விண்டோஸுடனேயே வரும் பொது டிரைவர் தோன்றும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இந்த வேலை முடியும்வரை இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பது நல்லது, இல்லையென்றால் நாம் முன்வாசலில் துரத்தியதை விண்டோஸ் அப்டேட் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடும். 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் இலவசமாகத் தரப்படும் செயலிகளை நான் என் கணினிக்குள் விடுவதில்லை, அவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்லவும் விருப்பமில்லை.

விண்டோஸ் 10 காலத்தில் வந்த புதிய வகை டிரைவர்களில் கன்ட்ரோல் பேனல் தனியாகப் பிரிந்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து பெறும் ஆப்பாக மாறிவிட்டது. பழைய வகை டிரைவரை வைத்துக்கொண்டு புதிய ஆப்பைத் திறந்தால், ஆர்பிசி சேவையுடன் (செயலிகள் ஒன்றோடொன்று பேச உதவும் விண்டோஸ் சேவை) இணைய முடியவில்லை என்று அது சொல்லும். அந்தச் செய்தியைக் கண்டு ஆர்பிசி சேவையைப் பழுதுபார்க்க இறங்குவோர் பலர். பெரும்பாலும் அங்கே பழுது ஏதும் இருக்காது, ஆப்புக்குரிய வகை டிரைவர் அடியில் இல்லை என்பதே பொருள்.

இவ்வளவுக்கும் நடுவே எதிர்பாராத ஓர் இன்பமும் கிடைத்தது. சலித்துப்போய், டிரைவரைப் புதுப்பிக்கும் பகுதியில் கணினியிலுள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கும் வழியைப் பிடித்து, விண்டோஸுடனேயே வரும் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பொது டிரைவரைப் பொருத்தினேன். நிறுவும் செயலி இல்லை, மறுதொடக்கத் தொல்லை இல்லை, பின்னணியில் ஓடும் செயலிகள் இல்லை. ஒலி அப்படியே வந்தது. சவுண்டு ப்ராபர்ட்டீஸின் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பகுதியில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்றொரு தேர்வும் அதோடு வந்தது. மெல்லிய ஓசையை உயர்த்தி, பெரிய ஓசையை அடக்கிச் சமப்படுத்தும் வசதி இது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒலியைக் குறைத்து வைத்துப் பழைய படம் பார்க்கிறவருக்கு இதன் அருமை தெரியும். வசனத்துக்காகக் கூட்டுவதும் பின்னணி இசைக்காகக் குறைப்பதுமாகக் கையிலேயே சுட்டியை வைத்திருக்கும் அவசியம் அன்றோடு போயிற்று. பாட்டுக் கேட்கும்போது மட்டும் இதை அணைத்துவிட வேண்டும், ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடுகிறது.

அப்படியானால் பொது டிரைவரோடு நிம்மதியாக இருக்கலாமே என்றால், கேபினெட்டின் முன்பக்க ஜாக் அதற்குச் சம்மதிக்கவில்லை. முன்பக்கத்திலிருந்து போர்டுக்கு வரும் ஒலிக் கேபிளின் முனையில் பல கேபினெட்டுகளில் 'எச்டி ஆடியோ' என்றும், அதற்கு முந்தைய பழைய தரமான 'ஏசி97' என்றும் இரண்டு இணைப்பிகள் தொங்கும். முதலாவதில்தான் பிளக் செருகப்பட்டதைப் போர்டுக்குத் தெரிவிக்கும் கம்பிகள் உண்டு. என்னுடைய பழைய கேபினெட்டில் இரண்டாவது மட்டுமே இருப்பதால், ஹெட்ஃபோனைச் செருகினாலும் கோடெக்குக்கு அது தெரியாது. முன்பக்க ஜாக்கை உணரும் வேலையைக் கைவிட்டு எப்போதும் ஒலியை அனுப்பு என்று சொல்லும் தேர்வு, போர்டு நிறுவனத் தொகுப்பின் கன்ட்ரோல் பேனலில் மட்டும் இருக்கிறது. அந்த ஒரேயொரு கட்டத்தில் டிக் வைப்பதற்காக, நான் மேலே திட்டிய அத்தனை பெரிய தொகுப்பையும் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்து போனால் டிக் காணாமல் போயிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயாஸில் முன்பக்கப் பேனலை ஏசி97 என்று மாற்றிவைக்கும் வசதி சில போர்டுகளில் உண்டு, இதில் இல்லை.

ஒலி அறவே வராத நாளில் நான் பின்பற்றும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். இயல்புச் சாதனத்தைச் சரிபார்த்த பிறகு, சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' ஆகிய இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்த்து, மறுதொடக்கம் செய்துபார்ப்பேன். அதற்கும் மசியவில்லையென்றால், விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸ் இயங்குதளம் பதிந்த பென்டிரைவிலிருந்து கணினியை நிறுவலின்றித் தொடங்கி ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்பேன். அங்கே ஒலி வந்தால் சிப், ஜாக், ஸ்பீக்கர், வயர் எல்லாம் நலம், பழி முழுவதும் விண்டோஸ் பக்க அமைப்பையும் டிரைவரையும் சேரும் என்று உறுதியாகிவிடும். கடைக்காரர் 'போர்டு போச்சு' என்று சொல்வதற்கு முன்பு யாரும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. மைக் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் டிரைவரைத் தொடுவதற்கு முன், விண்டோஸ் 10இன் ப்ரைவசி அமைப்பில் செயலிகளுக்கு மைக் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்றிலிருந்து தப்ப விரும்புவோர் விலை குறைந்த யூஎஸ்பி சவுண்டு அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகிவிடலாம். பொதுத் தரத்துக்கு உட்பட்ட அத்தகைய கருவிகளுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது; மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் ஒலி போர்டின் ஒலிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

மதிப்பெண் என்று கேட்டால், ஒலிக்கு 5க்கு 4 தருவேன், போர்டுக்கு மொத்தமாக 5க்கு 2தான் தருவேன். கணக்கு உதைக்கிறது என்று தோன்றலாம். இந்த வாரம் அந்தத் தொகுப்பை மறுபடியும் நிறுவியவனிடம் வேறு கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. விண்டோஸ் 11க்கு இந்தத் தலைமுறைப் பிராசசர்கள் அதிகாரபூர்வமாகத் தகுதி பெறவில்லை என்பதையும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் பார்க்கும்போது, டிரைவர் நிலைமை மேம்படும் என்று நம்பக் காரணமும் இல்லை. ஆயினும் நான் போர்டை மாற்றப் போவதில்லை. பழைய சந்தையில் இதையே வாங்க நினைப்பவர்கள் கேபினெட்டின் முன்பக்கக் கேபிளில் 'எச்டி ஆடியோ' இணைப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கடையிலேயே முன்பக்க ஜாக்கில் ஹெட்ஃபோனைச் செருகிச் சோதித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.