ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகள்: கணிதப் பாடத்தை எந்த வழியில் பங்கிடுவது?

52-இல் 27 போனால் எவ்வளவு என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒருவன் 35 என்று எழுதுவான். 7-இல் 2 போக 5, 5-இல் 2 போக 3 என்று, எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருப்பான். இன்னொருத்தி கடன் வாங்கி 25 என்று சரியாகப் போட்டிருப்பாள். 5 ஏன் 4 ஆனது என்று கேட்டால் விழிப்பாள். மூன்றாவது பிள்ளை பென்சிலைத் தொடாமலே, 27-இலிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 52-க்கு 22, ஆக 25 என்று சொல்லிவிடும்.

மும்பை தாராவியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இந்த மூவரும் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள். ஒருவன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறான், ஒருத்தி இந்தி வழியில், இன்னொரு பிள்ளை தனியார் ஆங்கிலப் பள்ளியில். இருக்கும் ஒரு மணி நேரத்தை இவர்களுக்கு எப்படிப் பங்கிடுவது?

எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது பழகிய வழி. ஓர் ஆசிரியர் போதும், யாரையும் ஒதுக்கியதாகவும் ஆகாது. ஆனால் 35 என்று எழுதியவன் கரும்பலகையைப் பார்த்து 25 என்று திருத்திக்கொள்வான். அவன் எங்கே இடறினான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். மனக்கணக்காகச் சொன்ன பிள்ளைக்கு அந்த மணி நேரம் முழுக்க வெறும் காத்திருப்பு. இந்த வழியை மட்டும் நம்பி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிர், வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது. இந்த முறைக்கும் மும்பைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1995-இல் இங்கே தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம்போல் தனியே அழைத்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தது. பாலசகி என்ற அந்தத் திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் மும்பையிலும் வதோதராவிலும் ஆய்வு செய்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தனியே அழைக்கப்பட்ட பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அவர்கள் வெளியே போனதால் கூட்டம் குறைந்த வகுப்பில் இருந்தவர்களுக்கோ குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கூட்டத்தைக் குறைப்பது மட்டும் போதாது, பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இந்தப் பாதியைப் பலர் சொல்வதில்லை.

எனக்கு இந்த முறையில் வேறு இரண்டு கவலைகள் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகப் பெயர் வைத்தது. பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் எது மேலே, எது கீழே என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, நிலையை அளக்கும் தேர்வு. எண்ணைக் காட்டி வாசிக்கச் சொல்கிறோம். தமிழில் இருபத்திரண்டு என்னும்போது பத்தும் ஒன்றும் காதிலேயே பிரிந்து விழுகின்றன. இந்தியில் 79 உன்னாசி, 89 நவாசி. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். மராத்தியிலும் இதே சிக்கல்தான். 2019-இல் மகாராஷ்டிரத்தின் இரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 22-ஐக் குறிக்கும் பாவீஸ் என்பதற்கு வீஸ் தோன் (இருபது இரண்டு) என்ற முறையைக் கொண்டுவந்தபோது பெரிய வாதமே எழுந்தது. இந்தி வழியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை 89 என்ற எண்ணின் பெயரில் தடுமாறினால், அவளுக்கு இடமதிப்பு தெரியாது என்று முடிவுகட்டிக் கீழ்க் குழுவில் உட்கார வைப்பது அநியாயம். 9 குச்சியையும் பத்துப் பத்தாகக் கட்டிய 8 கட்டையும் அவள் சரியாக எடுத்து வைக்கிறாளா என்று பார்த்த பிறகே குழுவைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, கர்நாடகத்தில் 1995-இல் தொடங்கிய நலி கலி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் வந்த செயல்வழிக் கற்றல் போன்ற அட்டை முறை. பாடத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் அட்டை வைப்பார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் விடுபட்ட பிள்ளை விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம் என்பது தாராவிக்கு மிகவும் பொருந்தும். ஆனால் அட்டைகள் அச்சிட வேண்டும், வைக்க இடம் வேண்டும், யார் எந்தப் படியில் என்று குறித்துவைக்க வேண்டும். பகிர்ந்துகொள்ளும் அறையில் இது நடக்காது.

நான்காவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது: எவரும் உள்ளே நுழையக்கூடிய, எவரையும் மேலே இழுக்கக்கூடிய ஒரே கேள்வி. இங்கே பல வீடுகளில் விடியற்காலையிலேயே இட்லி அவித்து விற்பனைக்குப் போகிறது. அதையே கேட்டோம்: 50 இட்லி இருக்கின்றன, எல்லாப் பொட்டலத்திலும் சம எண்ணிக்கை, மிச்சமே இருக்கக் கூடாது, எத்தனை விதமாகக் கட்டலாம்?

புளியங்கொட்டையை எடுத்துப் பத்துப் பத்தாகக் குவித்தவனுக்கு ஒரு விடை கிடைத்தது. பக்கத்திலிருந்தவள் அந்தக் குவியலைப் பாதியாக்கி ஐந்தைக் கண்டுபிடித்தாள். 1, 2, 5, 10, 25, 50 என்று ஆறையும் முடித்த பிள்ளையிடம் 48 இட்லி என்றால் என்று கேட்டோம். பத்து விதம் வந்தது! இட்லி குறைந்தது, வழி எப்படிக் கூடியது என்ற வாக்குவாதத்தில் புளியங்கொட்டைக்காரனும் குரல் கொடுத்தான். தனித்தனிக் குழுக்களில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தே இருக்காது.

ஆனாலும் இந்தக் கேள்வி அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்துவிடாது. ஒரு கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சியாக்குவதை அவன் கையாலேயே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குச் சிறு குழு வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

ஆகவே ஒரு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் ஒரே திறந்த கேள்வி, அடுத்த அரை மணி குழு, கடைசிப் பத்து நிமிடம் அவரவர் வழியை எல்லோர் முன்னும் சொல்வது என்று வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். குழுவும் கணக்குக்குக் கணக்கு மாற வேண்டும். கழித்தலில் தடுமாறுபவன் வடிவங்களில் முந்தி நிற்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குச்சியை வைத்தே மறுபடி பார்த்துவிட்டுக் குழுவை மாற்றுங்கள். உதவிக்கு ஆள் வராத நாளில் கழித்தலுக்குத் திணறுபவர்களோடு நீங்கள் உட்காருங்கள். மற்றவர்களிடம் 36 இட்லியைக் கொடுத்துவிடலாம்.