ஸ்டீயரிங் கோணலா? வீலைக் கழற்றுவதா, டை ராடைத் திருப்புவதா?

புதுப்பித்த அம்பாசிடர் நேராகத்தான் ஓடுகிறது, ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணல். சரி, எதில் கை வைப்பது?

செலவு: ஸ்டீயரிங் வீலைக் கழற்றி ஸ்ப்லைனில் (வீல் பொருந்தும் தண்டின் பற்களில்) தள்ளிப் பூட்டுவது வீட்டிலேயே முடியும். டை ராடுக்கு (ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணம் சரிபார்க்கும் கூலி உண்டு.

நுணுக்கம்: ஸ்ப்லைன் ஒரு பல்லுக்குக் குறைந்து நகராது. டை ராடில் மயிரிழைகூடத் திருத்தலாம். ஒரு பக்கம் நீட்டிய அளவு மறுபக்கம் குறைக்க வேண்டும். தவறினால் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) கெட்டு டயர் தேயும்.

ஸ்டீயரிங்கை லாக்கிலிருந்து லாக் வரை (ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசி வரை) திருப்பிச் சுற்றுகளை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் நேராக நின்றால் வீலை மாற்றினால் போதும். இல்லையென்றால் டை ராடுதான். அப்போதும் வீலையே மாற்றினால் வண்டி ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும். சேலத்துக்குள் தெரியாது, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துவிடும்!