மணலியில் பாதுகாப்புப் பயிற்சி: ஜூம், மூடுல் இரண்டையும் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் வேலை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வரும் வரை இணையவழியில் ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. ஊரடங்கில் முதலில் ஜூமுக்கும், ஓராண்டு கழித்து, பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் வைத்து நடத்த உதவும் மூடுலுக்கும் மாறினேன். இன்றுவரை இரண்டையும் விடவில்லை.

ஜூமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், இரண்டு மணி நேரம் பேசிப் பழகிய நான் பாடத்தை 35 நிமிடத்துக்குள் அடக்கக் கற்றேன். பின்னர் கட்டணக் கணக்கு கிடைத்தும் அந்த அளவை மாற்றவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வீட்டிலிருந்து கேட்பவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூடுல் திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது, சர்வருக்கும் அதைப் பராமரிப்பவருக்கும்தான் செலவு. எனக்கு மிகவும் பயன்பட்டது அதன் மொபைல் செயலி. எரிவாயு, எண்ணெய் கையாளும் பகுதிகளுக்குள் சாதாரண செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். ஆகவே தொழிலாளர்களுக்குப் படிக்கக் கிடைப்பது பேருந்துப் பயணமும் வீடும்தான். பாடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்கலாம்; ஆசிரியர் அனுமதித்திருந்தால் தேர்வையும் அப்படியே எழுதலாம். ஆனால் அத்தகைய தேர்வுக்கு நேர வரம்பு வைக்க முடியாது. சரியா தவறா என்பதும் இணையம் கிடைத்து விடைகள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகே தெரியும். கடிகாரம் இல்லாவிட்டால் பார்த்து எழுதுவார்களே என்று தொடக்கத்தில் கவலைப்பட்டேன். பிறகு கேள்விகளையே மாற்றினேன். ஆக்சிஜன் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, "தொட்டிக்குள் 19 சதவீதம் காட்டுகிறது, மேற்பார்வையாளர் இறங்கச் சொல்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். குறைந்தபட்ச அளவான 19.5 என்ற எண்ணைப் பார்த்து எழுதலாம். மேற்பார்வையாளருக்கு என்ன பதில் சொல்வது என்பதை அவரவரே யோசித்தாக வேண்டும்.

செயலியின் மெனுக்களை அவரவர் மொழியில் வைத்துக்கொள்ளலாம். பாடம் மட்டும் நாம் எழுதிய மொழியில்தான் இருக்கும். இங்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்வோர் பலர் என்பதால், தமிழிலும் இந்தியிலுமாக எல்லாவற்றையும் இருமுறை தயாரிக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பை நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம், பாடம் முடித்தவர் பெயருக்கு நேரே விழும் பச்சைக் குறியே போதுமென்று செய்முறை வகுப்பை நிறுத்தியது. பலமுறை வாதாடி அதை மீட்டேன். மீட்ட முதல் நாளே, தேர்வில் முழு மதிப்பெண் பெற்ற ஒருவர் சுவாசக் கருவியின் முகமூடியை அணிந்தார். காற்று வரும் இணைப்பை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும், அவருக்கு ஒட்டவில்லை. வியர்வைக்காகத் தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரம் காதருகே ரப்பர் விளிம்புக்குள் சிக்கியிருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. அதே மனிதர் ஜூம் வகுப்பில் கேமரா முன் முகமூடியை அணிந்து காட்டியபோது நான் சரியென்று தலையாட்டியிருந்தேன்.

மூடுலில் ஒரு பகுதியை நிபந்தனை வைத்துப் பூட்டும் வசதி உண்டு. இப்போது முகமூடி, கயிறு, வாயு அளவி மூன்றையும் தொழிலாளர் என் எதிரில் கையாண்டு, அந்த மதிப்பெண்ணை நான் பதிந்த பிறகே சான்றிதழ்ப் பக்கம் திறக்கும்படி அமைத்திருக்கிறேன்.